மலையில்லாத ஊரில் மலை சைக்கிள்

சைக்கிள் பழுதுபார்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக, தொழிலில் நான் செய்த சாதனைகளை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். காலமெல்லாம் பஞ்சர் ஒட்டியவனிடம் சாதனையைக் கேட்டால் என்ன சொல்வது? நான் ஒட்டிய டியூப் எல்லாம் மறுபடியும் பஞ்சர் ஆகித்தான் இருக்கும். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன மாதம் சிதம்பரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஷோரூமில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சைக்கிளைப் பார்த்தேன். மலை சைக்கிளின் பாடி, வழவழப்பான டயர், மட்கார்டு, கேரியர், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார். வேலைக்குப் போகவும் ஊர் சுற்றவும் வந்திருக்கும் புதுக் கண்டுபிடிப்பு என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. "இதத்தாம்மா நாங்க 2005-லயே கையால செஞ்சோம்" என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். "டெஸ்ட் ரைடு போறீங்களா அங்கிள்?" என்றாள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டு, கடலூர் முதுநகரில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் காற்றடித்தேன், இரண்டாம் வருடம் பஞ்சர் பார்த்தேன், மூன்றாம் வருடம் வீல் கோட்டம் எடுத்தேன். வாடகை சைக்கிள் காலம் முடிந்ததும் சிதம்பரம் வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் கடையில் நின்றேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

காதர் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பல வருடம் சிங்கப்பூரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார், சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடுதான் திரும்பிப் போவார். கிரீஸில் கை வைக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட அதிகம் வைப்பார், ஆனால் சட்டை அப்படியே இருக்கும். அது எப்படி என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் யாரையும் திட்டியதே கிடையாது. மேல் பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ் இருக்கும். நான் முடித்து வைத்த சைக்கிளைச் சுற்றி ஒரு நடை வருவார். எங்கே வேலை சரியில்லையோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, பேசாமல் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு வட்டம் என்றால் முடுக்கு, இரண்டு வட்டம் என்றால் கழற்று. சேர்ந்த புதிதில் என் வேலைகள் கோலம் போட்ட வாசல் மாதிரிதான் இருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டாலாவது ஆறும். அந்த வட்டம் ராத்திரி சோறு இறங்கவிடாது.

சுனாமிக்கு அடுத்த வருடம், ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து நல்ல மனசுக்காரர்கள் சிலர் நம் கடலோர ஜனங்களுக்காகப் பழைய மலை சைக்கிள்களை ஒரு கண்டெய்னர் நிறைய அனுப்பி வைத்தார்கள். கொடுத்தவர்கள் மனசைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மணலில் மாட்டு வண்டியே திணறும். "நாங்க இத ஓட்டறதா, இல்ல இத தோள்ல போட்டுக்கினு ஓடறதா?" என்று ஒரு மீனவர் என்னிடமே கேட்டார். கடலூரில் ஒரு குடோனில் கிடந்து துருப்பிடித்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தபோது பாய் போய் மொத்தமாக நாற்பது சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடையில் எனக்கு நிற்கவே இடமில்லை.

"சிங்கப்பூர்ல இத வெச்சிக்கிட்டுதான் ஆபீஸ் போறான், டூர் போறான். கொஞ்சம் மாத்திக் குடுத்தா நம்மாளும் போவான் ராசு" என்றார்.

"மலை சைக்கிளுக்கு மலை வேணுமே பாய்?"

"கடலூர்ல கேப்பர் மலை இருக்குல்ல?"

"அதும்மேல ஜெயிலுல்ல இருக்கு."

பாய் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, அங்க போறவன் சைக்கிள்ல போவ மாட்டான். போலீஸ் வண்டியில போவான்" என்று ஒத்துக்கொண்டார்.

முதல் ஆறு மாதம் அந்த சைக்கிள்கள்தான் எங்களை ஓட்டின. டயரில் 26 என்று போட்டிருந்தது. நான் கெத்தாகக் கடைவீதிக்குப் போய் 26 என்று எழுதிய டயர் ஒரு டஜன் வாங்கி வந்தேன். மாட்டினால், ஒல்லிக் கையில் போட்ட வளையல் மாதிரி ரிம்மில் ஆடியது. 26-இல் இரண்டு ஜாதி உண்டு என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். டியூபின் வாயோ கார் டயரின் வாய் மாதிரி. நம் கைப்பம்பு அதில் உட்காராது. முதலில் வாங்கிய ஆள் லாரி டயர் கடைக்குப் போய்க் காற்றடிக்கச் சொல்ல, லாரிக்கு அடிக்கிற வேகத்தில் அவர்கள் அடித்துவிட, புதுச்சத்திரம் பக்கம் வெடித்த சத்தத்தில் பஸ்ஸே நின்றுவிட்டதாம். அடுத்தது செயின் கவர் இல்லாத குறை. தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வேட்டியோடு ஏறி ஓட்டினார். தெற்கு வீதி திரும்பும்போது பாதி வேட்டி அவரிடம் இருந்தது, பாதி சைக்கிளிடம் இருந்தது. மீதியை அவரே வந்து சொன்னார், ஆட்டோவில்.

இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் ஒரு முறை உண்டாயிற்று. முதலில் மொத்தமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுவோம். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரத்தில் இரண்டைக் கழற்றி எறிந்துவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் வைப்போம். பின்னால் ஆறு கியர் இருந்துவிட்டுப் போகட்டும், எதிர்க்காற்றுக்கு ஆகும். முள் டயரை எடுத்துவிட்டு வழவழப்பான டயர், நம் பம்புக்கு ஏற்ற டியூப். குனிந்து ஓட்டும் நேர் ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு மேலே வளைந்தது. அதன் பிறகு மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, மணி. எல்லாம் முடிந்ததும் பாயின் டீ பரீட்சை நடக்கும். வேலை செய்தவனே அந்த சைக்கிளில் ரயிலடிக்குப் போய், கேரியரில் ஒரு டம்ளர் டீயைத் தளும்பத் தளும்ப வைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். சிந்தினால் வட்டம். சிந்தாவிட்டால் பாய் அந்த டீயைக் குடிப்பார். பாய் என் டீயைக் குடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

2006-இல் ஒருநாள் நர்ஸம்மா வந்தார். பெயர் வளர்மதி. புவனகிரியில் வீடு. அதைச் சுற்றியுள்ள நாலு கிராமத்துக்குச் சுகாதார நர்ஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் ஊசி போடுகிற ஆள். கூடவே அவர் வீட்டுக்காரர் கலியபெருமாள். ஆலை வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். மனைவியை மொபெட்டில் வைத்து ஊர் ஊராக அழைத்துப் போவதுதான் அப்போது அவருடைய வேலை.

"தம்பி, பொடவ கட்டிக்கினு ஏறணும், ஐஸ் பொட்டி ஆடாம வரணும். முடியுமா முடியாதா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"அதான் மொபெட் இருக்குதே" என்றார் கலியபெருமாள், என்னைப் பார்த்து.

"இருக்குது. வழியில எத்தினி டீக்கடை இருக்குதோ அத்தினிலயும் அதுவும் இருக்குது."

விஷயம் இதுதான். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு முதல் கிராமத்தில் இருக்க வேண்டும். கலியபெருமாள் நல்ல மனிதர், ஆனால் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் பிரேக் போட்டுவிடுவார். அவருக்குத் தெரியாதவர்களோ அந்தப் பக்கத்தில் கிடையாது. போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிடும். கைக்குழந்தைகளோடு காத்திருந்த பெண்கள் பாதிப் பேர் நடவு வேலைக்குப் போயிருப்பார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது முறையும் தாமதமானால் திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த நாலு ஊருலயும் பாதிப் புள்ளைங்களுக்கு மொத ஊசி நான் போட்டது தம்பி. வுட்டுட்டுப் போவ மாட்டேன்" என்றார் நர்ஸம்மா. அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் ஊசி இல்லை.

நாற்பது சைக்கிளில் குறுக்குக் கம்பி தாழ்ந்த லேடீஸ் பாடி ஒன்றே ஒன்று இருந்தது. பின் சக்கரம் மொத்தமாக நொறுங்கிப் போயிருந்ததால் யாரும் தொடவில்லை. கம்பிகளைப் புதிதாகக் கோத்து அந்தச் சக்கரத்தை எழுப்பினேன். சேலை சிக்காமலிருக்கப் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைத்தகடு அடித்தேன். ஐஸ் பெட்டியை முதலில் முன்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஹேண்டில்பார் குடித்தவன் தலை மாதிரி ஒரு பக்கமாகவே சாய்ந்தது. பாய் முன் கேரியரில் இரண்டு வட்டம் போட்டார். பின்னால் மாற்றி, கேரியரை மூன்று அங்குலம் இறக்கி, அடியில் பழைய ஸ்கூட்டர் சீட்டின் ஸ்பாஞ்சை வெட்டி வைத்தேன். பெட்டிக்குள் டம்ளர் டீயை வைத்துப் புவனகிரிவரை போய்த் திரும்பினேன். திறந்து பார்த்த பாய் அந்த ஆறிப்போன டீயைக் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன்.

அதே வாரத்தில் கலியபெருமாள் தனியாகக் கடைக்கு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். அதுவரை என்னை "ஏம்ப்பா" என்று கூப்பிட்டவர், அன்றைக்கு டீயோடும் வடையோடும் வந்து "மாப்ள" என்றார்.

"மாப்ள, அந்த சைக்கிளு ஓடாத மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"என்னா மாமா சொல்றீங்க?"

"அவ வுழாம இருக்கணும். ஆனா ஓடக் கூடாது. செயின் அடிக்கடி கழண்டுக்கற மாதிரி, இந்த மாதிரி எதாச்சும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆலைய வுட்டு வந்தப்பறம் எனக்கு இது ஒண்ணுதான் மாப்ள வேல. காலையில எட்டு மணிக்கு மொபெட்டத் தொடச்சி வெச்சிட்டு நிப்பேன். அவ சைக்கிள்ல போயிட்டா நான் எதுக்கு எழுந்துக்கறது?"

சிரிக்க வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. வடையைத் தின்று டீயைக் குடித்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வடையைத் தின்றது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு ஆயுத பூஜையன்று நடந்தது. பாய் கடையில் வருடா வருடம் பூஜை உண்டு. பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் பாய்தான் வாங்கித் தருவார். பூஜை என் பொறுப்பு. அந்த வருடம் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் என்று அவர் பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டார். மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்பதால் நர்ஸம்மா வண்டியை எடுக்க வருவதாக ஏற்பாடு. அதனால் அந்த சைக்கிளுக்கு விசேஷ மரியாதை செய்தேன். பாடி, ஹேண்டில்பார், மட்கார்டு என்று ஒன்று விடாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ரிம் இரண்டையும் பக்கவாட்டில் எண்ணெய் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சுற்றிலும் சந்தனம் தடவி, விரற்கடைக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ கறுப்பு சைக்கிளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் நம் கறுப்பு சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். மலை சைக்கிளில் அது ரிம்மின் பக்கவாட்டை இடுக்கிப் பிடிக்கும். அந்தக் கட்டையை என் கையாலேயே மாட்டியிருந்தும், பக்தியில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் நர்ஸம்மா சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார். பின்னால் கலியபெருமாள் மொபெட்டில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். விடுமுறை நாள், காலி வீதி, ஊருக்குள் மெதுவாகப் போனதால் பிரேக் தேவைப்படவில்லை. வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கும்போதுதான் தேவைப்பட்டது. எதிரே ரோட்டில் குறுவை வைக்கோலைக் காயப் போட்டிருந்தார்கள். நர்ஸம்மா பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் வழுக்கிக்கொண்டு போயிற்று. மணியை அடித்துக்கொண்டே, "நவுருங்க, நவுருங்க" என்று கத்திக்கொண்டே, காய்ந்த வைக்கோலைக் கடந்து, ஓரமாக அம்பாரமாகக் குவித்திருந்த வைக்கோலுக்குள் முழுசாகப் போய்விட்டார். வெளியே கேரியர் மட்டும் தெரிந்ததாம். நல்லவேளை, ஒரு சிராய்ப்புகூட இல்லை.

எனக்கு இதெல்லாம் மறுநாள் காலையில் கலியபெருமாள் சொல்லித்தான் தெரியும். சைக்கிளை ஒரு மினி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் பால்கோவா. பாய் ஊரிலிருந்து திரும்பிக் கடையில் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நேரே வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"முடியாதுன்னு சொல்லுவன்னு நெனச்சேன் மாப்ள. சொன்ன மாதிரியே பண்ணிக் குடுத்துட்டியே! வுழுந்தா, அடியும் படல. தொழில்காரன்னா நீதான்யா தொழில்காரன்!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மாமா!"

"தெரியும், தெரியும். வெளிய சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தார்.

பாய் எழுந்து வந்தார். பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பால்கோவாவைப் பார்த்தார். எங்கே வட்டம் போடுவதென்று அவருக்கே தெரியவில்லை. என்னைச் சுற்றித்தான் போடப் போகிறார் என்று நினைத்தேன். என் வேலை சரியில்லை என்று ஆயிரம் வட்டம் போட்டிருக்கிறார். என் நாணயம் சரியில்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸிலிருந்து இறங்கி நர்ஸம்மா வந்தார். தலையில் இன்னும் ஒரு வைக்கோல் இருந்தது. "யாரு என்னா பண்ணிக் குடுத்தது?" என்றார். கலியபெருமாள் பால்கோவாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பாய் குனிந்து ரிம்மில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். இன்னொரு முறை மோந்தார். "தேங்காண்ணெ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ராசு, இது எந்தப் பக்கம் பிரேக் புடிக்கிற வண்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சிரித்து முடித்துவிட்டு, ரிம்மில் ஒரே ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

கலியபெருமாளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப மாப்ள பண்ணலியா? பூசையாலதான் ஆச்சா?" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப சாமியே நம்ம பக்கம்தான் இருந்திருக்குது" என்றார்.

"நீ சொல்லி வெச்சியா?" என்று நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார். இனி மறைக்க முடியாது. அவர் எல்லாவற்றையும் சொன்னார், எட்டு மணிக்கு மொபெட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பதுவரைக்கும். நர்ஸம்மா சத்தம் போடுவார் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம். போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாறு வருசமா வண்டியில ஒன் பின்னாடி ஒக்காந்துக்கினு வரேன். பதினாறு வருசமா ஒன் முதுவத்தான் பாத்துக்கினு இருக்கேன். இந்தப் பக்கம் எந்தெந்த ஊருல என்னென்ன மரம் இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. நான் ரோட்டப் பாக்கணும்."

கலியபெருமாள் ரொம்ப அடிபட்ட குரலில், "என் முதுவுக்கு என்னா கொறச்சல்?" என்றார். நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். பால்கோவாவை எல்லாரும் தின்றோம்.

சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ரிம் இரண்டையும் நாலு முறை கழுவினேன். பிரேக் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்து எண்ணெய் ஏறிய மேல்தோலை எடுத்தேன். டீ பரீட்சையை மறுபடியும் எழுதினேன். அதோடு பாய் விடவில்லை. "புதன்கெழம நீயே பின்னாடி போயி, பாலத்துல எறங்கறதப் பாத்துட்டு வா" என்றார்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள சுகாதார நிலையத்தில் ஐஸ் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு நர்ஸம்மா கிளம்பினார். முதலில் எனக்காகப் பாலத்தில் ஏறி, இறக்கத்தில் நடுவிலேயே பிரேக் பிடித்து நின்று காட்டினார். "போதுமா?" என்றார். போதும் என்றேன். திரும்பி ஊர்ப் பக்கம் மிதித்தார். ஐம்பதடி பின்னால் என் சைக்கிள். எனக்குப் பக்கத்தில் மொபெட். சைக்கிளின் வேகத்தில் ஓட்ட முடியாமல் அது இருமி இருமி வந்தது. டீக்கடைகளில் தெரிந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். கலியபெருமாள் ஒருவரையும் பார்க்கவில்லை. முன்னால் போகிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். முதல் கிராமத்தில் நாங்கள் நின்றபோது ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கைக்குழந்தைகளோடு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். நர்ஸம்மா பெட்டியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கிளம்பும்போது கலியபெருமாள் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் ஏதோ கேட்கப் போகிறார் என்று பயந்துவிட்டேன்.

"மாப்ள, வழியெல்லாம் பாத்துக்கினே வந்தேன்" என்றார். "அவளுக்கு முதுவு குனியுது. அந்த ஹேண்டிலக் கொஞ்சம் ஒசத்திக் குடேன்."